ஒன்றரை கிராம் அம்பு

சும்பிட் என்ற ஊதுகுழலை வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் சாலையோரக் கடைகளில், தேன் போத்தலுக்கும் பெத்தாய் கொத்துக்கும் பக்கத்தில், பூவேலை செய்த குட்டைக் குழல் தொங்குமே, அது சுவரில் மாட்டுவதற்கு. ஊதினால் அம்பு வெளியே வரும், அவ்வளவுதான். நான் எழுதுவது ஆள் உயரத்தைத் தாண்டிய, இரட்டைக் குழல் வைத்த, செமாய் பழங்குடியினரின் அசல் சும்பிட்டைப் பற்றி. சில மாதங்களாக அது மலைமேல் திரிங்காப்பில் என் வீட்டு வரவேற்பறையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. வீட்டுக்காரி இன்னும் சமாதானமாகவில்லை.

அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான். உள்ளே ஒரு மூங்கில், அதைக் காக்க வெளியே இன்னொரு மூங்கில், வாய் வைக்க மரக் குமிழ். மலேசியத் தீபகற்பத்தின் நடுமலைத் தொடரில் வளரும் ஒருவகை மூங்கிலில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இருக்கும். உட்குழலில் கணு குறுக்கிடாததால்தான் அவ்வளவு வழவழப்பு. எனக்கு விற்ற பெரியவர் மலாயில் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார்: வெளிக்குழலில் கீறல் விழுந்தால் பரவாயில்லை, உட்குழலில் ஈர்க்குச்சிகூடப் படக்கூடாது.

ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடியினர் நாளையொட்டி நடக்கும் ஓராங் அஸ்லி எனப்படும் தீபகற்பப் பழங்குடியினரின் விழாக்களில் சும்பிட் போட்டியும் உண்டு. வேட்டைக்குப் போன காலத்தில் அம்பு நுனியில் ஈப்போ மரத்துப் பாலைப் பூசினார்கள். கீழே இருக்கும் நகரத்துக்குப் பெயர் வந்தது அந்த மரத்தால்தான். போட்டியில் விஷத்துக்கு வேலையில்லை, வெறும் நுனிதான். நாங்களும் தக்காளிக் கூடாரங்களுக்குப் பின்னால் பத்து மீட்டர் அளந்து ஒரு பலகையை நட்டோம். அன்றைக்குப் பிடித்த அம்பு எடைப் பைத்தியம்தான் இந்த விமர்சனத்தைத் தின்றுவிட்டது.

இந்தப் பைத்தியத்துக்கு உலகத்தில் பெரிய கூட்டமே இருக்கிறது. கைத்துப்பாக்கிப் போட்டிக்காரர்கள், முக்கியமாக அமெரிக்காவில், தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். 9 மி.மீ.க்கு 115 கிரெயின் குண்டா, 124ஆ, 147ஆ என்று அவர்களுக்குள் ஓயாத சண்டை. ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம், ஆக, சண்டையெல்லாம் இரண்டு கிராம் வித்தியாசத்துக்குத்தான். போட்டி விதி அப்படி. குண்டின் எடையை அது நொடிக்குப் போகும் அடியால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 115 கிரெயின் குண்டு இதைத் தொட நொடிக்கு 1,087 அடி பறக்க வேண்டும். 147 கிரெயினுக்கு 851 அடி போதும். கனமான குண்டு நிதானமாகப் போயே விதியைத் தாண்டிவிடுகிறது. கையில் சுளீரென்று அடிக்காமல் மெதுவாகத் தள்ளும் என்பது கனக்கட்சியின் வாதம். துப்பாக்கி சீக்கிரம் நிலைக்கு வர லேசான குண்டுதான் நல்லது என்பது எதிர்க்கட்சி.

மலேசியாவில் இதெல்லாம் படித்து ரசிக்க மட்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையே ஆயுதக் கணக்கில் சேர்த்திருக்கிறது. வீட்டு மேசையில் தோட்டா நிரப்ப உட்கார்ந்தால், அடுத்து எங்கே உட்காருவது என்பதை வேறு ஆட்கள் முடிவு செய்வார்கள். ஆக, இந்த மலையில் போட்டிக்கான அம்பைத் தானே சீவி, எடை பார்த்து, தன் குழலுக்குப் பொருத்தமாக முடிக்கிற கலை செமாய்க்காரர் கையில்தான் இருக்கிறது. நம்மவர்களுக்கும் இது அந்நியமில்லை. தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி மதராஸ் மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1924இலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். நாம் விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை.

துப்பாக்கிக் கணக்கு சும்பிட்டுக்கு அப்படியே பொருந்தாது. தோட்டாவில் குண்டு கனத்தால் மருந்தை மாற்றலாம். இங்கே மருந்து நம் நெஞ்சுக்கூடு; ஓர் ஊதலில் அது தரும் சக்தி ஏறக்குறைய ஒரே அளவுதான். அம்பின் எடையை இரட்டித்தால் வேகம் சுமார் எழுபது விழுக்காட்டுக்கு இறங்கும், இலக்கைத் தொடுவதற்குள் அம்பு கீழே சரியும் தூரம் இரண்டு மடங்காகும். நொடிக்கு நாற்பது மீட்டரில் கிளம்பும் அம்புகூடப் பத்து மீட்டருக்குள் பள்ளிக்கூட அடிக்கோல் நீளத்துக்குச் சரிகிறது. எடை இரட்டித்தால் இரண்டு அடிக்கோல். அதனால் எந்த எடையை எடுத்தாலும் எல்லா அம்பும் அதே எடையில் இருந்தாக வேண்டும்.

நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கினேன். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி பார்த்துவிட்டு, “என்னாண்ணே, தாலிக்குத் தங்கம் நிறுக்கிறீங்களா?” என்றான். பெர்தாம் பனை மட்டையைச் சீவிச் செய்த அம்புகளை மூன்று கூட்டமாகப் பிரித்தேன். ஒரு கிராம் அம்பு தட்டையாக, பார்க்கவே ஆசையாகப் பறக்கும். ஆனால் தண்டு மெலிந்து போவதால் கிளம்பும்போதே நெளிகிறது. கூடாரத்துச் சந்தில் காற்று லேசாகத் திரும்பினாலும் அதுவும் திரும்புகிறது. இரண்டு கிராம் அம்பு பலகையில் ‘தக்’கென்று இறங்குவது கேட்கச் சுகம், குறியோ வானத்தைப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை கிராம் நடுவில் நின்றது. நுனிப்பக்கம் கனமாக, வால்பக்கம் லேசாக இருப்பதுதான் நேராகப் போகிறது என்பதும் தெரிந்தது. ஒரே எடையில் இரண்டு அம்பு, கனம் உட்கார்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு என்றால் அவை ஒரே இடத்தில் குத்துவதில்லை. இதைத் தராசு காட்டாது. விரல்மேல் அம்பைக் கிடத்தி, எங்கே சமநிலை வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கருவி, வாங்கலாம் என்று எழுதி முடித்திருப்பேன். திரிங்காப்பின் ஈரம் விடவில்லை.

அம்பின் வால்பக்கத்தில் கூம்பு வடிவில் லேசான நெட்டி ஒன்று இருக்கிறது. குழலின் உள்விட்டத்தை அடைத்து, நம் மூச்சை வாங்கி, அம்பைத் தள்ளுவது அதுதான். காலையில் மூடுபனி கூடாரத்து பிளாஸ்டிக்கில் சொட்டுச் சொட்டாக வழியும் நேரத்தில் இந்த நெட்டி ஊறிப்போய் இருக்கும். குழலுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு போகும். கன்னம் உப்பி, காது அடைத்து ஊதினாலும் அம்பு சோம்பலாகத்தான் வெளியேறும். பதினொரு மணி வெயிலில் அதே கூம்பு காய்ந்து சுருங்கும். இப்போது ஓரத்தில் காற்று கசியும், பின்னால் வைக்கும் பஞ்சை அதிகமாக அடைக்க வேண்டும். மதியம் மழை வந்துவிட்டால் கதை மறுபடி முதலிலிருந்து. காலையில் நடுவட்டத்தில் குத்திய அம்பு மத்தியானம் ஒரு சாண் தள்ளிக் குத்துகிறது. தராசில் வைத்தால் வித்தியாசம் நூறில் சில பங்கு கிராம்தான். எனக்கு எரிச்சல் மூட்டியது இதுதான்: அவ்வளவு பாடுபட்டுச் சமன் செய்த எடை அப்படியே இருக்கிறது, குறி மட்டும் ஓடிப்போகிறது. கோளாறு எடையில் இல்லை, கூம்பின் இறுக்கத்தில் இருக்கிறது. பெரியவர் என்னிடம் தராசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கூம்பைக் குழல் வாயில் வைத்துத் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்ததன் காரணம் அப்புறம்தான் உறைத்தது.

அவர்களுடைய அம்புக்கூட்டைப் பார்த்தால் ஈரத்தோடு எத்தனை தலைமுறை மல்லுக்கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். மூங்கில் கூடு, மேலே இறுக்கமான மூடி. உள்ளே ஒவ்வோர் அம்புக்கும் மெல்லிய நாணல் குழல் ஒன்று, எல்லாக் குழல்களையும் சேர்த்துச் சுருட்டிக் கட்டியிருக்கும். ஒரு அம்பு இன்னொன்றைத் தொடாது. நான் அம்புகளை பிஸ்கட் டின்னில் போட்டு, மருந்து டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களையும் போட்டு வைக்கிறேன். டின்னுக்குள் இருக்கும்வரை சரி. வெளியே எடுத்துக் கால்மணி நேரம் பேசிக்கொண்டு நின்றால் போச்சு. மூங்கில் கூட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி ஊதுகிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கூட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது, விலையும் கிட்டத்தட்டக் குழலின் விலைக்கு வந்துவிடுகிறது. வாங்கிவிடுங்கள்.

வெளிநாட்டு அலுமினியக் குழல் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் கூம்பு, எஃகுக் கம்பி அம்பு. காலை, மாலை, மழை எதுவும் அதற்குப் பொருட்டில்லை. எல்லா அம்பும் ஒரே அச்சில் வார்த்தவை. புள்ளிக் கணக்கில் அது என் சும்பிட்டைத் தோற்கடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் எனக்குச் செய்ய வேலையே இல்லை. அம்பு தீர்ந்தால் இன்னொரு பொட்டலம் வாங்க வேண்டியதுதான். பனிக்குளிரில் அந்த அலுமினியத்தில் உதட்டை வைக்கும் அனுபவத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாங்குவதென்றால், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வட்டம் நெளியாமல் கடைசிவரை தெரிய வேண்டும். அம்பை விற்பவர் கையாலேயே இரண்டு மூன்று கூம்பு அளவுகளில் கேட்டு வாங்குங்கள்: காலைக்குக் கொஞ்சம் சிறியது, வெயிலுக்குப் பெரியது. மூச்சை இழுத்து முடித்த பிறகே குழலில் வாய் வைக்க வேண்டும். வாய் வைத்தபடி மூச்சிழுத்தால் அம்பு தொண்டைக்கு வரும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதால் என்னுடையது இப்போது வரவேற்பறை உத்தரத்தில். இறக்குவதற்கு இரண்டு ஆள் தேவைப்படுகிறது.