முறையின் வைப்பும் இணையப் பாடத்தளமும்

பாடப்பொருளைத் தேடிச் சேர்ப்பது ஒரு பணி. சேர்த்ததைக் கற்பவன் தொடர்ந்து செல்லுமாறு அடுக்குவது மற்றொரு பணி. முன்னது எத்துணைச் சிறப்பாக நடைபெற்றாலும், பின்னது பிழைபட்டால் பயன் விளைவதில்லை. தமிழ் இலக்கண ஆசிரியர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நூலுக்குள் புகுமுன்னரே, நூல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைப் பாயிரத்தில் வகுத்துரைத்தனர். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலின் பத்து அழகுகளுள் ஒன்றாக ‘முறையின் வைப்பு’ என்பதைக் கூறும். பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’, ‘மயங்க வைத்தல்’, ‘மற்றொன்று விரித்தல்’ என்பனவற்றையும் சேர்க்கும். ஏட்டுச்சுவடிக் காலத்தில் எழுந்த இவ்வளவுகோலைக் கொண்டு, இன்று கைப்பேசித் திரையில் விரியும் இணையப் பாடத்தளங்களை மதிப்பிட இயலுமா என்பது ஆராயத் தக்கதாகும்.

மலேசியப் பள்ளிகளுக்கு இத்தளங்கள் புதியன அல்ல. 2019-ஆம் ஆண்டு ஜூன் வரை ஃபிராக் வி.எல்.இ. இருந்தது. அடுத்த மாதமே கூகிள் கிளாஸ்ரூம் அதன் இடத்திற்கு வந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பள்ளிக் கதவுகளை அடைத்தது. அவ்வாண்டு ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் தொடங்கப்பெற்றது. உயர்கல்வி நிலையங்கள் பலவற்றில் மூடுல் வழங்கி வருகிறது. தளங்கள் மாறின; அவற்றுள் பாடத்தை அடுக்க வேண்டியவர் ஆசிரியரே என்னும் நிலை மாறவில்லை.

முதலில் கூகிள் கிளாஸ்ரூமை நோக்கலாம். அதில் ‘ஸ்ட்ரீம்’ என்னும் அறிவிப்புப் பக்கம் ஒன்றும், ‘கிளாஸ்வர்க்’ என்னும் பாடப்பக்கம் ஒன்றும் உள்ளன. பின்னது 2018-இல் சேர்க்கப்பட்டது. தலைப்பிட்டுப் பாடங்களைத் தொகுக்க இடந்தருவது. அறிவிப்புப் பக்கத்திலோ கடைசியாக வந்தது மேலே நிற்கும். முதலில் வந்தது அடியில் புதையும். அறிவிப்புக்கு இது பொருந்தும், பாடத்திற்குப் பொருந்தாது.

தொடக்கப்பள்ளி இலக்கணத்தில் வலிமிகும் இடங்களை எடுத்துக்கொள்ளலாம். ‘பாலைக் குடித்தான்’, ‘கடைக்குச் சென்றான்’ என்னும் தொடர்களில் வல்லினம் மிகுந்ததேன் என்று அறிய, மாணவன் ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகளை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அதற்கும் முன்னர் க, ச, த, ப என்னும் எழுத்துகள் வருமொழி முதலில் நிற்பதை இனங்காண வேண்டும். மூன்றாம் கிழமையில் பதிந்த வேற்றுமைப் பாடம், பன்னிரண்டாம் கிழமையில் பதிந்த வலிமிகும் பாடத்துக்குக் கீழே, வாழ்த்துச் செய்திகளும் நினைவூட்டல்களும் மூடிக் கிடந்தால், படியின்றி மாடி ஏறச் சொல்வது போலாகும். ‘மயங்க வைத்தல்’ என்பது இதுவே.

பாடப்பக்கத்தைப் பயன்படுத்துவோரிடத்தும் குறை இல்லாமலில்லை. காணொளிகள் ஒரு தலைப்பு, பயிற்சித்தாள்கள் ஒரு தலைப்பு, புதிர்கள் ஒரு தலைப்பு என்று வகுப்பது பெருவழக்கு. இது பண்டக அறையை அடுக்கும் முறை. பாடத்தை அடுக்கும் முறை அன்று. வேறு சிலர், கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் எனத் திறன்வழியே ஐந்து தலைப்புகள் இடுவர். கலைத்திட்ட ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வருவோருக்கு இது எளிது. பாடநூலோ தொகுதி தொகுதியாகச் செல்கின்றது. ஒரு தொகுதியைப் படிக்கும் பிள்ளை ஐந்து இழுப்பறைகளைத் திறந்து மூட நேரிடும். ஒரு பொருளைப் பற்றியவற்றை ஓரிடத்தில் நிரல்படச் சேர்ப்பதையே நன்னூலார் ‘ஓத்து’ என்றார். காணொளியும் விளக்கமும் பயிற்சியும் ஒரு தொகுதியின் கீழ் ஒருங்கு நிற்பதே ஓத்து முறையாகும்.

மூடுல் தளம் இவ்வகையில் சிறந்த வாய்ப்பளிக்கின்றது. ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூஜியாமஸ் உருவாக்கி, 2002-இல் முதற்பதிப்பாக வெளியிட்ட இத்தளத்தில், கிழமைவழியாகவும் பொருள்வழியாகவும் பாடத்தை அடுக்கலாம். கிழமைவழி அடுக்கில் ‘இன்று செய்ய வேண்டியது யாது?’ என்னும் கேள்விக்கு உடனே விடை கிடைக்கும். ஆனால் தேர்வு நெருங்கும்போது, உவமைத்தொடர் எந்தக் கிழமையில் வந்தது என்று எவர் நினைவில் வைத்திருப்பார்? பொருள்வழி அடுக்கு மீள்பார்வைக்கு ஏற்றது. அன்றாட நடைக்குத் திசை காட்டுவதில்லை. பொருளைத் தலைப்பாக்கிக் கிழமையை அதனடியில் குறிப்பதே இரண்டின் நலனையும் தரும். பக்கம் முடிவின்றிக் கீழே நீளும் என்பது மூடுல்மீது நெடுநாள் சொல்லப்பட்ட குறை. 2022-இல் வந்த நான்காம் பதிப்பு, பக்கத்தின் ஓரத்தில் பொருளடக்கம் ஒன்றை அமைத்து இதனைப் பெரிதும் தணித்தது. ஆயினும், ‘ஸ்கேன் 0023’ என்று பெயரிட்ட தாளை எந்தப் பொருளடக்கமும் விளக்கிவிடாது.

சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் நூற்பெயர், எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பனவும் அடங்கும். பாடத்தளத்தின் முதற்பக்கத்திற்கு இதனினும் சிறந்த பட்டியல் வேண்டியதில்லை. இப்பாடம் எவ்வகுப்பினர்க்கு உரியது, எங்குத் தொடங்கி எங்கு முடிவது, கற்றபின் யாது செய்ய இயலும் என்பன முகப்பிலேயே இருத்தல் வேண்டும். பல தளங்களின் முகப்பில் காண்பதோ அலங்காரப் படமும் வரவேற்புரையுமே.

நன்னூலார் கூறும் சூத்திர நிலை நான்கும் இங்கு வழிகாட்டும். ஒன்றையடுத்து ஒன்று இடையறாது செல்வது ஆற்றொழுக்கு. தொகுதியினுள் பாடங்கள் அவ்வாறு செல்லுதல் வேண்டும். முன்னும் பின்னும் பார்ப்பது அரிமா நோக்கு. ஒவ்வொரு தொகுதியின் தலையிலும் முன்பு கற்றதும் இனி வருவதும் ஓரிரு வரியில் நிற்றல் தகும். இடைவெளி தாண்டி இயைவது தவளைப் பாய்ச்சு. வலிமிகும் பாடத்திலிருந்து வேற்றுமைப் பாடத்துக்கு இணைப்பு இடுவது அத்தகையது. வேண்டியதை எடுத்துக்கொண்டு அகல்வது பருந்தின் வீழ்வு. தெளிவான பெயரிருந்தால் மாணவன் நேரே இறங்கி எடுப்பான்.

எனினும் நன்னூலின் அளவுகோலை அப்படியே பொருத்துதல் கூடாது. அது ஆசிரியர் அருகிருந்து பாடஞ்சொன்ன காலத்தது. தளத்தைத் திறக்கும் பிள்ளைக்கருகில் ஆசிரியர் இல்லை. ஆதலின் செய்முறைக் குறிப்பை ஒவ்வொரு தொகுதியிலும் மீண்டும் எழுதுவது ‘கூறியது கூறல்’ என்னும் குற்றமாகாது. ஒரே தாளை மூன்று பெயரில் மூன்றிடத்தில் ஏற்றுவதே குற்றமாகும்.

முன்பாடத்தை முடித்தாலன்றி அடுத்தது திறவாதபடி பூட்டும் வசதியும் மூடுலில் உண்டு. முறையைக் காக்கும் கருவி என இதனைப் போற்றுவோர் உளர். ஆனால் தந்தையார் வேலைக்குக் கொண்டுசென்ற கைப்பேசி மாலையில் வீடு திரும்பிய பின்னரே பாடம் பார்க்கக்கூடிய பிள்ளைகளும் இருக்கின்றனர். அக்கைப்பேசியை அக்காளும் தம்பியும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தரவும் அளவோடுதான் இருக்கும். கிடைக்கும் அரைமணி நேரத்தில் பாதி தேடலில் கழிந்தால் அப்பிள்ளை கற்பது எப்போது? ஒரு கிழமை தவறியதற்காகப் பூட்டும் விழுந்தால், தளமே அவனை வெளியே நிறுத்தியதாகும். வழிகாட்டும் முறை வேண்டும். வழிமறிக்கும் முறை வேண்டா.

‘தேடுபெட்டி இருக்கின்றதே, அடுக்கு எதற்கு?’ என்று வினவலாம். பெயர் தெரிந்ததையே தேட இயலும். வேற்றுமை என்றொரு பாடம் இருப்பதே அறியாத மாணவன் எச்சொல்லை எழுதித் தேடுவான்? கற்றவனுக்கே தேடல் உதவும். கற்கத் தொடங்குபவனுக்கு அடுக்கே துணை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தளத்தின் குழப்பத்தைத் தீர்த்துவைக்கப் பெற்றோரோ தனிவகுப்பு ஆசிரியரோ இருப்பர். அத்துணை இல்லாத பிள்ளைமீதே முழுச்சுமையும் விழும். ஆகவே பாட அடுக்கைத் தொழில்நுட்பச் சிறுபணி என்று தள்ளுதல் பொருந்தாது.

ஆசிரியர்க்கு ஏற்கெனவே கோப்புவேலை மிகுதி என்பது உண்மையே. ஆனால் இதற்குப் பெருங்கருவி தேவையில்லை. எது முன், எது பின், எதற்கு எது துணை என்று ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதிவைத்து, அதன்படி தொகுதிக்குப் பெயரிட்டு ஏற்றினாலே போதும். தளம் நாளை மீண்டும் மாறலாம். மாறினாலும் அத்தாளிலுள்ள முறை அழியாது. புதிய தளத்தில் அதனைக் கொண்டே பாடத்தை நிறுவலாம். பயிற்சிப் பட்டறைகளில் பொத்தான்களைக் கற்பிக்குமுன் இத்தாளை எழுதக் கற்பிப்பது நலம் பயக்கும். ஆசிரியர் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!