பெருமைப் பாடல்களும் திருச்சபையின் பொறுப்பும்

தாவீது பெலிஸ்தனை வென்று திரும்பிய நாளில் இஸ்ரவேலின் ஊர்களிலிருந்து பெண்கள் மேளத்தோடும் ஆடலோடும் எதிர்கொண்டு வந்து பாடினார்கள் என்று முதலாம் சாமுவேல் 18ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது வாழ்த்துப் பாடல். அதில் வசைச்சொல் ஒன்றும் இல்லை. இருவரையும் அது புகழ்ந்தது. ஆயினும் ஒருவனுடைய புகழை மற்றவனுடைய புகழைக் குறைக்கும் அளவுகோலாக வைத்துப் புகழ்ந்தது. மறுநாளே சவுலின் கையிலிருந்து ஈட்டி பறந்தது. பாடின பெண்கள் ஈட்டியை எறியவில்லை. எறியும்படி யாரையும் ஏவவும் இல்லை. எனினும் அந்த ஈட்டிக்கும் அந்தப் பாடலுக்கும் தொடர்பு உண்டு என்பதை வேத ஆசிரியர் மறைக்கவில்லை.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி வட்டாரத்தில் ஊழியம் செய்யும் நமக்கு இப்பகுதி திருவிழாக் காலந்தோறும் நினைவுக்கு வருகிறது. இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பல சாதியினரும் பல மாவட்டத்தாரும் ஒரே வரிசையில் நின்று வேலை செய்கின்றனர்; ஒரே உணவகத்தில் உண்கின்றனர். ஆனால் திருவிழா வந்ததும், ஆலையில் அருகருகே நின்றவர்களில் ஒருவன் ஒலிபெருக்கி கட்டிய வண்டியின்மேல் நிற்கிறான். மற்றவன் தெருமுனையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான். வண்டியில் ஒலிப்பது சாதிப் பெருமைப் பாடல். ஊர்வலம் எங்கும் நில்லாமல் வந்து, காலனித் தெருவின் வாயிலில் மட்டும் நிற்கிறது. ஒலியும் அங்கேதான் கூட்டப்படுகிறது.

இத்தகைய ஊர்வலம் ஒன்றின் மறுநாள், அத்தெருவில் வாழும் நம் சபையின் முதியவர் ஒருவரைக் கண்டு பேசினோம். அவர் கூறியது இது: “பாட்டு நல்ல பாட்டுத்தான் ஐயா. டிவியில வந்தா நாங்களும் கேப்போம். எங்க தெரு முனையில நின்னு போடுறாங்க பாருங்க, அப்பதான் அது அடியா விழுது.”

பெருமைப் பாடல்களைப் பற்றி இதைவிடச் செம்மையான திறனாய்வை நாம் கேட்டதில்லை. ஒரு பாடலுக்குச் சொல் உண்டு, மெட்டு உண்டு, அது பாடப்படும் இடம் உண்டு. சொல்லை ஆராய்வோர் பலர். மெட்டை மெச்சுவோர் பலர். இடத்தை ஆராய்கிறவர் சிலரே. பாடல் புண்படுத்துவது பெரும்பாலும் அது நிற்கும் இடத்தினால்தான்.

1992ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தேவர் மகன்’ திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்னும் வேண்டுகோளோடு முடியும் கதை அது. ஆயினும் அதிலுள்ள ஒரு பாடல் கதையினின்று பிரிக்கப்பட்டு, சாதி விழாக்களின் வாழ்த்துப்பாவாக ஒலிபெருக்கிகளில் ஏறியது. படத்தின் முடிவு திரையரங்கிலேயே தங்கிவிட, அதன் மெட்டு மட்டும் தெருவுக்கு வந்தது. பின்னர் ஒவ்வொரு சமூகத்தின் பெயரையும் வெளிப்படையாகக் கூறும் பாடல்கள் தனியே இயற்றப்பட்டு, கைப்பேசி வழியே பரவலாயின. இப்பாடல்களில் பெரும்பாலானவை பிறரை இகழ்வதில்லை. தம் குலத்தார் ஆண்டவர்கள், அஞ்சாதவர்கள், தலைவணங்காதவர்கள் என்பதே அவற்றின் பொருள். ஆண்டவர் என்றால் ஆளப்பட்டவர் யார்? வணங்காதவர் என்றால் வணங்கியவர் யார்? விடையைப் பாடல் சொல்லாது. வண்டி நிற்கும் தெரு சொல்லிவிடும்.

சட்டத்தின் இடர்ப்பாடும் இங்கேதான் தோன்றுகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுவிடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் தன் சாதியைத் தானே புகழ்வது இதில் எளிதில் அடங்காது. திருவிழாக்களின் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி அளிக்கையில், சாதி, சமயம், கட்சி சார்ந்த பாடல்கள் கூடா என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை விதித்து வந்துள்ளது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை உடன் பயின்ற மாணவர்களே வெட்டியபின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. இவை வேண்டிய செயல்களே. 2012 நவம்பர் 7 அன்று அண்டை மாவட்டமாகிய தருமபுரியின் நத்தம் முதலிய குடியிருப்புகளில் 200-க்கு மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டதை இப்பகுதி மறக்கவில்லை. அதற்குப் பாட்டு காரணம் என்று நாம் கூறவில்லை. தெருமுனையில் வண்டி நின்றதும் கதவுகள் ஏன் சாத்தப்படுகின்றன என்பதை விளங்கிக்கொள்ளவே இதை நினைவூட்டுகிறோம்.

சட்டத்தினால் பாட்டை அடக்க முயன்ற வேறொரு நாடு உண்டு. 1837இல் ஜான் ஆண்டர்சனை அனுப்பிச் சென்னையில் பள்ளி தொடங்குவித்து, பிற்காலத்தில் கிறிஸ்தவக் கல்லூரி வளர வழிவகுத்த திருச்சபையின் நாடாகிய ஸ்காட்லாந்தே அது. அதன் பெருநகரான கிளாஸ்கோவில் இரு காற்பந்துக் கழகங்கள் உள்ளன. ரேஞ்சர்ஸ் கழகத்தின் ஆதரவாளர் வழிவழியாகப் புராட்டஸ்தாந்தியர். செல்டிக் கழகத்தின் ஆதரவாளரிற் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கரின் வழித்தோன்றல்கள். பின்னது, ஏழைக் குழந்தைகளின் உணவுக்குப் பொருள் திரட்ட ஒரு கத்தோலிக்கத் துறவற சகோதரரால் 1887இல் தோற்றுவிக்கப்பட்டது. அன்பின் பணியாகப் பிறந்த கழகத்தின் அரங்கிலும் காலப்போக்கில் ஆயுதக் குழுவைப் போற்றும் பாடல்கள் புகுந்தன. எதிரணியிலோ கத்தோலிக்கரின் இரத்தத்தில் நடப்பதாகப் பெருமை பேசும் பாடல் பரம்பரைச் சொத்தாயிற்று. அதன் மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865இல், அடிமைகளுக்கு விடுதலை கொணர்ந்த படையின் நடையைக் கொண்டாடி இயற்றப்பட்ட பாடலிலிருந்து. விடுதலையின் மெட்டே வெறுப்பின் மெட்டாயிற்று.

2012இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் காற்பந்துப் போட்டிகளில் புண்படுத்தும் நடத்தைக்கெதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. எப்பாடல் குற்றம், எது குற்றமன்று என்பதில் தெளிவில்லை, காற்பந்து ரசிகர்மீது மட்டும் பாய்கிறது என்னும் குறைகூறல்கள் எழ, 2018இல் அது நீக்கப்பட்டது. பாடல்கள் ஓயவில்லை. மறு ஆண்டிலேயே ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம், ரசிகரின் பாடல்களுக்காக ரேஞ்சர்ஸ் அரங்கின் ஒரு பகுதியை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது.

சட்டம் தோற்றது என்று கைகொட்டுவதற்காக இதனைக் கூறவில்லை. அந்நாட்டின் வரலாற்றில் நம்மைப் போன்றோர் கூர்ந்து நோக்கவேண்டிய ஏடு ஒன்று உண்டு. 1923இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவையில், அயர்லாந்துக் கத்தோலிக்கக் குடியேறிகள் நாட்டின் இனத்தன்மைக்கே கேடு என்று கூறும் அறிக்கை ஒன்று வைக்கப்பட்டது. எழுதியவர்கள் குடிவெறியில் அரங்கத்தில் கூச்சலிட்ட இளைஞர் அல்லர். அங்கி அணிந்த ஆயர்களும் மூப்பர்களும். அரங்கில் பாட்டாக ஒலித்தது பேரவையில் உரைநடையாக ஒலித்தது. அதற்காகத் திருச்சபை வருத்தம் தெரிவித்தது 2002இல். ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து.

நம் கதை வேறோ? தஞ்சைச் சுவிசேஷக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளால் நம் ஆராதனை இன்றும் வளம் பெறுகிறது. அவரே, 1820களில் மிஷனெரிமார் ஆலயத்தில் சாதி வேற்றுமையை நீக்க முற்பட்டபோது அதை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபையினின்று உடனே ஒழியவேண்டும் என்று ஆணையிட்டபோது, பலர் சாதியை விடுவதினும் ஆலயத்தை விடுவது எளிதென்று வெளியேறினர். ஒரே நாவிலிருந்து துதியும் சாபமும் புறப்படுவதைக் குறித்து யாக்கோபு வருந்தி எழுதியது நமக்கும் சேர்த்துத்தான்.

பழங்கதையைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. மேலே குறித்த முதியவரிடம், ஊர்வலத்தில் ஆடியவர்களுள் நம் பாடகர் குழுவின் இளைஞர் இருவரும் இருந்தனர் என்று கேள்வியுற்றதாகக் கூறி, அடுத்த ஞாயிறன்று கடிந்து பிரசங்கிக்கப் போவதாகச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, “அது இருக்கட்டும் ஐயா, நம்ம கீத பவனி எங்க தெருவுக்கு வந்து எத்தனை வருசம் ஆச்சு?” என்று கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் கீத பவனி செல்லும் தெருக்களின் பட்டியலை எழுதியவர் நாமே. நேரமாகிவிடும், சந்தில் வண்டி திரும்பாது, கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுதோறும் ஒரு காரணம் இருந்தது. கடைசி நாள் வந்ததில்லை. ஒரு பாடல் அத்தெருவின் வாயிலில் நின்று புண்படுத்தியது. நம் பாடல் அத்தெருவுக்குள் வாராமலே புண்படுத்தியது. முன்னதைக் கேட்டு அவர்கள் கதவைச் சாத்தினார்கள். பின்னதை எதிர்பார்த்து எத்தனை ஆண்டு கதவைத் திறந்து வைத்திருந்தார்களோ, யாமறியோம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை நாம் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

சங்கீதம் 137இன் முடிவு கொடியது என்று கூறி ஆராதனையில் அதைத் தவிர்க்கிறோம். ஆனால் அது சிறைப்பட்டோர் தேவனை நோக்கி அழுதது. வென்றவர் தோற்றவரின் வாயிலில் நின்று பாடியதன்று. பாட்டைப் பகுத்தறிய மாணாக்கர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். யார் பாடுகிறார், யார் கேட்கும்படி பாடுகிறார், கேட்பவர் உடன்சேர்ந்து பாட முடியுமா? இம்மூன்றையும் கேட்டால் போதும். கன்னிமரியாளின் பாடலில் பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுகிறார்கள். எனினும் தாழ்ந்தோர் எவரும் அதைக் கேட்டுக் கதவைச் சாத்தமாட்டார்.

கூட்டம் என்றால் வெறுப்புத்தான் என்று சோர்ந்துபோகவும் வேண்டா. 1999 ஜனவரி 31 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் கிரிக்கெட் அணி இந்தியாவை 12 ஓட்டங்களில் வென்றபோது, தோல்வியின் துயரத்திலிருந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டிற்று. வென்றவர் அரங்கைச் சுற்றி வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். எச்சட்டமும் அக்கைகளைத் தட்டுவிக்கவில்லை.

1878இல் இத்தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, முதிய வயதில் ஆங்கிலத்தில் ஒரு பிரார்த்தனைப் பாடல் இயற்றினார். 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் எம். எஸ். சுப்புலட்சுமி அதைப் பாடினார். உலகத்தார் அனைவர்முன்னும் பாடத் தம் குலத்தையோ நாட்டையோ புகழும் சொற்களை அவர் தேர்ந்திருக்கலாம். நம் பாவங்களை மன்னிக்கும்படி இறைவனை வேண்டும் சொற்களையே தேர்ந்தார். பெருமைப் பாடலுக்கு மறுமொழி மற்றொரு பெருமைப் பாடல் அன்று என்பதை இவ்வூரார் கற்க வெகுதூரம் செல்லவேண்டியதில்லை.

வரும் டிசம்பரில் எம் சபையின் கீத பவனி அத்தெருவிலிருந்தே புறப்பட வேண்டுமென்று மூப்பர் சங்கத்தில் முன்வைத்துள்ளோம். சந்தில் வண்டி திரும்பாது என்று ஒருவர் கூறினார். வண்டியை விட்டு இறங்கி நடப்போம் என்று கூறியிருக்கிறோம். ஊர்வலத்தில் ஆடிய இளைஞர் இருவரும் முன்னே விளக்கேந்திச் செல்ல வேண்டும் என்பது அம்முதியவரின் விருப்பம். அவர்களிடம் இன்னும் கேட்கவில்லை. இதை வாசிக்கும் ஆயர்களும் மாணாக்கரும் தத்தம் சபையின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. எத்தெரு அதில் இல்லை என்று காண்பதே நம் திருப்பாடலைப் பற்றிய திறனாய்வின் தொடக்கம்.