விடுமுறையிற் பயிலத்தகும் தலைமை நூல்கள்: ஒரு மதிப்பீடு

தலைமை கற்றுப் பெறத்தக்கதோ, பிறப்பொடு வருவதோ என்னும் வினா பழையது. கற்றுப் பெறலாம் என்போரே அப்பொருள்பற்றி நூல் செய்கின்றனர். நீண்ட விடுமுறை நெருங்குங்கால் மாணவர்க்குப் பரிந்துரைக்கப்பெறும் நூல்வரிசைகளிலும் அத்தகையன முன்னிற்கின்றன. அவற்றுட் பல, அயல்நாட்டு வணிக நிறுவனங்களின் வெற்றியை ஆதாரமாகக் கொண்டவை. காலத்தைச் செட்டாகச் செலவிடவும் பிறரைத் தன்வயப்படுத்தவும் வழி கூறுபவை. அவை பயனற்றவை என்பது கருத்தன்று. ஆயினும், ஒருவன் உயரும் வழியையே அவை காட்டுகின்றன. ஒரு கூட்டம் உயரும் வழியைக் காட்டுவன சிலவே. பூனாகலை முதலிய ஊவாத் தோட்டங்களிலிருந்து கல்வி பயில வந்து, விடுமுறையில் மீண்டும் லயன்களுக்கே திரும்பும் மாணவர்க்கு வேண்டுவது பின்னையதே.

இவ்வகை நூல்களை அளத்தற்குரிய கோலை நாம் வேற்று நாட்டில் தேடவேண்டுவதில்லை. திருக்குறட் பொருட்பாலின் அரசியற் பகுதி 25 அதிகாரங்களை உடையது. அது இறைமாட்சியில் தொடங்கி இடுக்கணழியாமையில் முடிகின்றது. இறைமாட்சியை அடுத்து வருவன கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்பன. படையும் அரணும் மிகப் பின்னரே பேசப்படுகின்றன. தலைவனுக்கு முதற்கண் வேண்டுவன கற்றலும் கேட்டலுமே என்பது இவ்வைப்புமுறையால் விளங்கும். வள்ளுவர் கூறும் கேள்வி, கற்றறிந்தார் உரையைக் கேட்டல். மக்களாட்சிக் காலத்தில் அது ஆளப்படுவோர் குரலையும் கேட்டலாக விரிதல் வேண்டும். எனவே, ஒரு தலைமை நூலில் தலைவன் குரல் மட்டும் கேட்கின்றதா, பின்சென்றோர் குரலும் கேட்கின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

இக்கோல்கொண்டு அளக்குமிடத்து, மலையக எழுத்தாளர் சாரல்நாடன் 1988இல் வெளியிட்ட ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ முதலிடம் பெறத்தக்கது. தஞ்சையிலிருந்து வந்த நடேசய்யர், வெளியார் புகவியலாத தோட்டங்களுட் புடவை வியாபாரிபோற் புகுந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டவர். முதலிற் கண்டும் கேட்டும், பின்னரே எழுதியும் பேசியும் செயற்பட்டவர் அவர். ‘தேசபக்தன்’ இதழை நடத்தியதும், 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் அமைத்ததும், சட்டசபையிலும் அரசாங்க சபையிலும் வாதாடியதும் அக்கேள்வியின் விளைவுகளே. மறக்கப்பட்ட ஒருவரை மீட்டுத் தந்தமை சாரல்நாடனின் அரும்பணி. எனினும், நாயகனை நடுவில் நிறுத்துதல் வாழ்க்கை வரலாற்றின் இயல்பு. கூட்டங்களிற் பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டிய மீனாட்சியம்மையாரையும், அப்பாட்டைக் கேட்டுத் திரண்ட பெண்களையும் வாசகர் தம் நினைவில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். கொழுந்து பறிப்போருட் பெரும்பாலார் பெண்களாயிருக்க, தலைமை வரலாறுகளில் அவர்தம் பெயர்கள் அருகியே காணப்படுதல் பெருங்குறையாம்.

சௌமியமூர்த்தி தொண்டமான் ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாற்றின் முதற் பகுதி 1987இல் வெளிவந்தது. தோட்ட உரிமையாளர் குடும்பத்தினராயிருந்தும் தொழிலாளர் தலைவரான அவர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களை, 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரையிலும், அதன் பின்னரும் வழிநடத்தியவர். பேரம் பேசுங் கலையையும் பொறுத்திருக்கும் ஆற்றலையும் அறிய விழைவோர் இந்நூலைக் கற்றல் நன்று. ஆனால், தன்வரலாற்றில் வழக்காடுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. ஆதலின், இதனைத் தனித்துப் படித்தல் தகாது. எதிர்த்தோர் எழுத்துகளோடு ஒப்புநோக்கியே படித்தல் வேண்டும்.

சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அவர் திரட்டி 1983இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ எந்தத் தலைமை நூல்வரிசையிலும் இடம்பெறுவதில்லை. நாட்டார் பாடற்றொகுப்பு எங்ஙனம் தலைமை நூலாகும் எனச் சிலர் வினவலாம். மேடையேறிப் பேசிய ஒருவர், மேடையேறாத மக்களின் பாட்டைச் செவிமடுத்து எழுதிக்கொண்டமையே தலைமையின் உயர்ந்த நிலையாம். மேற்கூறிய கோலால் அளப்பின், இந்நூலே ஏனையவற்றினும் மேலோங்கி நிற்கும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுட் புதையுண்டன. அபாயம்பற்றி முன்னரே எச்சரிக்கை எழுந்திருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்திருந்தனர். 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையிலும் மலை சரிந்தது. மலைச்சரிவில் வெடிப்பு விழுவதையும் ஊற்றுநீர் கலங்குவதையும் முதலிற் காண்போர் அங்கு வாழ்வோரே. அவர் சொல்வதைக் கேட்டு, எழுதி, உரிய இடத்திற் சேர்த்து, விடைபெறும்வரை விடாது நிற்பவரே அவ்விடத்துக்குத் தலைவர். தோட்டந்தோறும் தொழிற்சங்கத்தின் ‘தலைவர்’ ஒருவர் உளர். மாதர் தலைவியும் உளர். அப்பெயர்களுக்குப் பொருள் நிறைப்பது கேள்வியே.

ஆதலின், விடுமுறையிற் படிக்க விரும்பும் மாணவர் அரசியல் அதிகாரங்களில் தொடங்கி, சாரல்நாடனையும் தொண்டமானையும் ஒப்பிட்டுக் கற்று, வேலுப்பிள்ளையின் தொகுப்பில் முடிப்பாராக. வெற்றிநூல்களைப் பின்னர்ப் படிப்பினும் கேடில்லை. பாட்டுத்தொகுப்பை மூடிவைத்த பின்னர், அப்பாடல்களுள் ஒன்றையேனும் அறிந்த முதியவள் ஒருத்தி தம் லயனிலேயே இருத்தல் கூடும். அவள் கூறுவனவற்றைக் கேட்டு எழுதிவைத்தல், நூற்பயிற்சியினும் சிறந்த தலைமைப் பயிற்சியாகும்.