‘யாரது?’ என்று யார் கேட்பது?

1982 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 812 என்ற தொழில்நுட்ப ஆவணத்தை ஓர் இலக்கியப் பிரதியைப் போலப் படித்துப் பார்த்தேன். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டைப் பயன்படுத்துவோர் தம் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதியும்படி அது கேட்கிறது. வலையமைப்பில் இருக்கும் எவரும் அவற்றைப் பார்க்கலாம். அந்த ஏற்பாட்டின் பெயர் ஹூயிஸ், ‘யாரது?’ என்று பொருள். பதிவேட்டைப் பராமரித்த தகவல் மையத்துக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண். எனவே இதில் ஆண்களின் சதியை நான் தேடவில்லை. அந்தப் பிரதி யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதே என் கேள்வி. ஆய்வுக்கூடத்தையோ பல்கலைக்கழகத்தையோ சார்ந்தவர்; முகவரி வெளியே தெரிந்தால் அஞ்சத் தேவையில்லாதவர்.

பிறகு இணையப் பெயர்கள் விற்பனைக்கு வந்தன. பதிவேட்டின் கட்டங்கள் மாறவில்லை. கவிதைகளுக்காக ஒரு தளம் தொடங்கும் பெண்ணும் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் உலகுக்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதை மறைக்கும் வசதியைப் பல பதிவு நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணத்துக்கு விற்றன. 2015இல், பணப் பரிவர்த்தனை நடக்கும் தளங்களுக்கு அந்த மறைப்பையும் மறுக்கலாமா என்ற விவாதம், இணையப் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பில் எழுந்தது. இணையத் தொல்லைகளுக்கு எதிராக இயங்குவோர் எதிர்த்தார்கள், யோசனை ஏற்கப்படவில்லை. 2018 மே 25இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தனிநபர் விவரங்கள் பெருமளவில் மறைக்கப்பட்டன.

இதை வெற்றி என்று சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. ‘வீட்டு விஷயம்’ என்று சொல்லித்தான் அடியும் உதையும் மறைக்கப்பட்டன. அந்தரங்கம் என்ற சொல்லின் இந்த முகமும் நமக்குத் தெரியும். ஒரு பெண்ணின் படத்தைத் திரித்து வெளியிடும் தளத்தின் சொந்தக்காரனும் இதே திரைக்குப் பின்னால்தான் நிற்கிறான். மறைந்த விவரங்களைக் கோருவதற்கு 2023 நவம்பரில் ஐகான் ஒரு சேவையைத் தொடங்கியது. அதில் சேர்வது பதிவு நிறுவனங்களின் விருப்பம். தருவதா மறுப்பதா என்பதும் அவற்றின் முடிவு.

நம் வீடுகளில் ‘யாரது?’ என்று உள்ளே இருப்பவள் கேட்பாள். கதவைத் தட்டியவர் பதில் சொல்வார். ஹூயிஸ் அந்த வரிசையைப் புரட்டிப்போட்டது. அதை நேராக்க வேண்டும். விவரம் கேட்பவரின் பெயரும் காரணமும் முதலில் பதிவாகட்டும். பாதிக்கப்பட்டவள் கேட்டால், இத்தனை நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்ற கெடு இருக்கட்டும். தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.