மதுரையின் இரண்டு உலைகள்

தென்மாவட்டங்களில் அசனம் நடக்கும் நாளில் தேவாலய வளாகமே அடுப்படியாகிவிடும். அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்திரிக்காய். சின்ன வயதில் எனக்கு அது வெறும் கறிச்சோறு. அதற்குள் ஒரு இறையியல் இருக்கிறது என்று புரிந்தது, பரட்டையின் பாடல்களைக் கேட்ட பிறகுதான்.

பரட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940–2005) மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தவர். வழிபாட்டு முறை முழுவதையும் நாட்டுப்புற இசையிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்தார். அதில் கடவுள் ‘பிதா’ இல்லை, ‘பெத்தவர்’. பிதா ஆண் மட்டும்தான். பெத்தவர் அம்மாவாகவும் இருக்கலாம், அப்பாவாகவும் இருக்கலாம். அந்த ‘பெத்த’வில் பிரசவ வலியும் இருக்கிறது. தேவ அன்பு என்று நாம் மேடையில் சொல்லித் தேய்த்துவிட்ட ஒன்றை, ஒரே சொல்லில் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்.

அவருடைய மையப் படிமம் ‘ஒரு ஒலை’. ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள்தானே குடும்பம்? அப்படியென்றால் நற்கருணை என்பது சாதி பார்க்காமல் ஒரே உலைச் சோற்றைத் தின்பது. சீடத்துவத்துக்கு இதைவிட நேரடியான சோதனை தமிழில் சொல்லப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. நீ யாரோடு சாப்பிடுகிறாய், அவ்வளவுதான் கேள்வி.

இதே மதுரைக்கு 1606-இல் ராபர்ட் தெ நோபிலி வந்தார். பரதவர்களுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸின் இருப்பிடத்திலிருந்து விலகி, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். சாதி என்பது சமூக வழக்கம், மதம் அல்ல என்பது அவர் வாதம். அவர் கற்ற தமிழையும் எழுதிய உரைநடையையும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய சுவிசேஷத்துக்குத் தனி அடுப்பு தேவைப்பட்டது. பின்னாளில் கீழ்ச்சாதியினருக்கென்று ‘பண்டாரசாமிகள்’ தனியாக நியமிக்கப்பட்டதும் அந்த அடுப்பின் தொடர்ச்சிதான். பரட்டையின் உலை இந்த வரலாற்றுக்குச் சொல்லும் பதில் என்றே நான் வாசிக்கிறேன்.

பரட்டையிடம் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. அவர் கிராமத்தின் மொழியை விடுதலையின் மொழியாக்குகிறார். அதே மொழியில்தான் சாதியும் பேசுகிறது. நகரத்துப் பாடகர் குழு கீபோர்டு வைத்து அவர் பாட்டைப் பாடும்போது, மண்வாசனை மட்டும் மிஞ்சி, கோபம் காணாமல் போகிறது. இதற்கும் அவரே வழி விட்டிருக்கிறார்: பாடுகிறவர்கள் பாட்டைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்றார். எங்கள் தொழிலில் இதை ஓப்பன் சோர்ஸ் என்போம். அப்படியானால் பழுது பார்க்கும் பொறுப்பும் நம்முடையதுதான்.

அசனப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் யார் என்று யாரும் கேட்பதில்லை. உண்மைதான். ஆனால் அது வருஷத்தில் ஒருநாள். அடுத்த வாரம் கல்யாணத்துக்கு வரன் தேடும்போது, அதே சபைக்காரர்கள் “நம்ம ஆளுங்களா?” என்று முதலில் விசாரிக்கிறார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது பரட்டையின் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்த மௌனம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.