பாயிரமும் நூலும்: ஒரு கணினி விளையாட்டின் வீழ்ச்சியை முன்வைத்து

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், லேடாங் மலையை அடுத்து அமைந்துள்ள தங்காக், துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊராகும். மாதிரியாகக் காட்டிய துணியும் கட்டில் வந்து சேர்ந்த துணியும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது துணியெடுக்க வருவோர் எதிர்பார்க்கும் முதல் நேர்மை. இந்நேர்மையை இன்றைய இளையோர் பெரிதும் துய்க்கும் கணினி விளையாட்டு என்னும் கலைவடிவத்திடமும் நாம் எதிர்பார்க்கலாமா? 'தி டே பிஃபோர்' என்னும் விளையாட்டின் வீழ்ச்சியை முன்வைத்து இவ்வினாவை இங்கு ஆராய்வோம்.

ரஷ்யாவின் யாக்குட்ஸ்க் நகரில் 2015இல் தோன்றிப் பின்னர்ச் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபான்டாஸ்டிக் நிறுவனம், இவ்விளையாட்டை 2021 சனவரியில் அறிவித்தது. கொள்ளைநோயால் அழிந்த அமெரிக்காவில், பலர் ஒரே பரந்த உலகில் கூடி உயிர்பிழைக்கப் போராடுவதாக அதன் முன்னோட்டக் காட்சிகள் அமைந்திருந்தன. அக்காட்சிகளின் கவர்ச்சியால், ஸ்டீம் விற்பனைத் தளத்தில் மிகப் பலர் தம் விருப்பப் பட்டியலில் சேர்த்துக் காத்திருந்த விளையாட்டுகளுள் அது முன்னிலை பெற்றது. வெளியீட்டு நாளோ தள்ளிக்கொண்டே சென்றது. 2022 சூன் மாதத்திற்குக் குறிக்கப்பட்ட வெளியீடு 2023 மார்ச்சுக்கும், பெயருரிமைச் சிக்கலுக்குப்பின் நவம்பருக்கும், இறுதியில் திசம்பர் 7ஆம் நாளுக்கும் மாற்றப்பட்டது.

வெளியான முதல் நாளில் ஸ்டீம் தளத்தில் ஒரே வேளையில் ஏறத்தாழ 38,000 பேர் அதனை ஆடினர். ஆயினும் அவர்கள் கண்டது பரந்த உலகம் அன்று. ஒரு நகரத்திற்குள் புகுந்து, பொருள்களைத் திரட்டிக்கொண்டு உயிருடன் மீள்வதே அவ்விளையாட்டின் மையமாக இருந்தது. குறைகளும் கோளாறுகளும் மலிந்திருந்தன. கண்டனங்கள் குவிந்தன. நான்கே நாளில், திசம்பர் 11ஆம் நாள், விளையாட்டு வருவாய் ஈட்டத் தவறிவிட்டதாகவும் தொடர்ந்து நடத்தப் பணமில்லை என்றும் கூறி ஃபான்டாஸ்டிக் தன் கதவை மூடிற்று. வாங்கியோர்க்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. 2024 சனவரி 22ஆம் நாள் வழங்கிகளும் நிறுத்தப்பட்டன. ஐந்தாண்டு உழைப்பு எனச் சொல்லப்பட்ட ஒன்று ஏழு வாரங்கூட முழுமையாக வாழவில்லை.

இந்நிகழ்வைத் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு நோக்குதல் பயனுடையது. பாயிரமில்லாத நூலை நூலாகவே கொள்ளாதது நம் மரபு. நூலுள் நுழைவோனுக்கு அதன் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றை முன்கூட்டி உணர்த்துவது சிறப்புப் பாயிரத்தின் பணியென நன்னூல் வகுக்கிறது. அதனை நூலாசிரியனே செய்துகொள்ளாமல் அவன் ஆசிரியரோ, உடன் கற்றோரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்வதே தகுதி என்றும் அந்நூல் கருதுகிறது. நூலைக் கற்றறிந்த பிறர் ஒருவர் அதற்குச் சான்றாக நிற்கவேண்டும் என்பதே இதன் உட்பொருள் எனலாம்.

கணினி விளையாட்டுக்குப் பாயிரமாக அமைவது முன்னோட்டம். 'தி டே பிஃபோர்' விளையாட்டைப் பொறுத்தவரை, அப்பாயிரத்தை ஆக்கியோனே பாடினான். நூலைக் கண்டவர் எவரும் சான்றுக்கு இல்லை. எல்லை மிகைபடக் கூறப்பட்டது. நுதலிய பொருளோ வெளியீட்டின்போது வேறொன்றாக மாறியிருந்தது. நன்னூல் எடுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

நிறுவனத்தார் தம் தரப்பில் ஒன்றைச் சொன்னார்கள். ஆக்கக் காலத்தில் பொதுமக்களிடம் முன்பணம் பெறவில்லை, நிதி திரட்டவும் இல்லை என்பது அவர்தம் வாதம். இது மறுக்கத்தக்கதன்று. ஆனால், பணம் ஒன்றே பெறத்தக்க பொருளாகுமா? 2022இல் இந்நிறுவனம் ஊதியமில்லாத் தன்னார்வலர்களின் உழைப்பைப் பயன்படுத்துவது வெளிப்பட்டுக் கடுந்திறனாய்வுக்கு உள்ளாயிற்று. ஆடுவோரின் ஏறத்தாழ மூன்றாண்டுக் காத்திருப்பும் தன்னார்வலர்களின் உழைப்பும் பெறப்பட்டனவே. கொடுத்த விலையைத் திருப்பித் தர வழியுண்டு. இவ்விரண்டையும் திருப்பித் தர வழியில்லை. 2024 செப்டம்பரில் மன்னிப்புக் கோரி மீண்டும் வந்த அந்நிறுவனம், புதியதொரு விளையாட்டுக்காகப் பொதுமக்களிடமே நிதி கேட்டமை, முன்னர்க் கூறிய வாதத்தின் வலிமையைக் குறைத்துவிட்டது எனலாம்.

தோல்விகள் யாவும் ஒருதன்மையன அல்ல. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகத்து 23இல் வெளிவந்து செப்டம்பர் 6இல் நிறுத்தப்பட்டது. அதனை ஆக்கிய ஃபயர்வாக் நிறுவனமும் அக்டோபரில் மூடப்பட்டது. அங்கு முன்னோட்டம் பொய்க்கவில்லை, கேட்போர்தாம் இல்லை. இங்கிலாந்தின் ஹெலோ கேம்ஸ் 2016இல் வெளியிட்ட 'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாட்டோ, வாக்களித்த பலவற்றை முதலில் கொண்டிருக்கவில்லை. அந்நிறுவனம் ஓடிவிடாமல் ஆண்டுக்கணக்கில் கட்டணமின்றிப் புதுப்பித்து, 2018இல் பலர் கூடி ஆடும் முறையையும் முழுமையாகச் சேர்த்தது. பாயிரம் பொய்த்தபின்னும் நூலை வளர்த்துப் பாயிரத்தை மெய்யாக்கலாம் என்பதற்கு இது சான்று.

'தி டே பிஃபோர்' வெளிவந்த அதே 2023இல், கனடாவின் டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' நமக்கு மிக நெருக்கமானது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்லும் அச்சிறு விளையாட்டை ஓரிரு மணிநேரத்தில் ஆடி முடித்துவிடலாம். அது பரந்த உலகம் எதனையும் வாக்களிக்கவில்லை. சொன்ன எல்லைக்குள் சொன்ன பொருளை நிறைவாகத் தந்தது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா, சிறந்த முதற்படைப்புக்கான விருதை அதற்கு வழங்கியது. அளவிற் சிறிய யாப்பின் பெயரைத் தாங்கிய அப்படைப்பு, தன் அளவைத் தானே அறிந்திருந்தது என்பதை நாம் உணரவேண்டும்.

இவ்வொப்பீடு நம் மாணவர்க்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. தங்காக்கிலிருந்து தொலைவில் இல்லாத மலாக்காவில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம் உள்ளது. இந்நாட்டிலேயே விளையாட்டு ஆக்கும் நிறுவனங்களும் உள்ளன. கோலாலம்பூரின் மெட்ரோனோமிக் 2020இல் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. இத்துறையை நாடும் நம் பிள்ளைகள், முன்னோட்டம் கண்டு வாங்குவோராக மட்டுமன்றி, நாளை அம்முன்னோட்டத்தை ஆக்குவோராகவும் இருப்பர். ஊதியமின்றி உழைக்க அழைக்கப்படுவோரும் அவர்களாக இருத்தல் கூடும். ஆகவே, எதனை வாக்களிப்பது, எதனை வாக்களியாது விடுவது என்னும் அறத்தைத் தொழில்நுட்பத்தோடு சேர்த்தே அவர்கள் கற்றல் வேண்டும்.

திரைப்படத்திற்குத் தமிழில் திறனாய்வு வளர்ந்துள்ள அளவிற்குக் கணினி விளையாட்டுக்கு வளரவில்லை. சான்றாக நிற்கும் பிறர் இல்லாத இடத்தில்தான் ஆக்கியோனின் பாயிரமே முடிவான சொல்லாகிவிடுகிறது. முன்னோட்டத்தையும் படைப்பையும் அருகருகே வைத்து அளந்து கூறும் திறனாய்வாளர் நம்மிடையே உருவாதல் வேண்டும். அதற்குரிய அளவுகோல்கள் நம் இலக்கண நூல்களில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைப் புதிய கலைவடிவத்தின்மேல் பொருத்திப் பார்க்கும் பணியே எஞ்சியுள்ளது.