ஆம்பூரில் முதல் உலகப்போர்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு வரலாறு முதல் உலகப்போரோடு தொடங்குகிறது. கூட்டணிகள், சரயேவோ கொலை, பதுங்குகுழிப் போர், வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை என்று வரிசையாக வரும். போரால் இந்தியாவுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்கிறார்கள். கடல் கடந்து போன சிப்பாய்கள் வருகிறார்கள். மோசமான பாடம் இல்லை.

ஆனா, ஆம்பூரில் உட்கார்ந்து படிக்கும்போது ஒண்ணு இடிக்குது. சிப்பாய் வர்றான், அவன் கால் பூட்ஸ் வரலை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் அன்று பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸ்களுக்குப் போனது. போர் நடக்கும்போதே அரசு அந்தத் தோல் கொள்முதலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எட்டாம் வகுப்பில் 1749 ஆம்பூர் போர் உண்டு. அங்கேயும் ஊர் என்பது மனப்பாடம் பண்ண வேண்டிய ஒரு வருஷம்தான்.

தோலைச் சேர்த்தால் பொதுத்தேர்வில் அரை மார்க்கூட ஏறாது, சரி. ஆனால் அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிற பிள்ளைக்கு, ஐரோப்பிய ஆர்டர் நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்று ஏற்கெனவே தெரியும். போர் என்றால் சரக்கு, விலை, கூலி என்பதும் அவளுக்குப் புரியும். அந்த அறிவைக் கேட்டு வாங்காத வகுப்பு, போருக்கான காரணங்களை ஐந்து பாயிண்டாக எழுத மட்டும்தான் கற்றுத்தரும்.